வால்டர் அனுப்பிய ஸ்டியரிங் பாக்ஸ்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் முகம் காட்டிப் பேசியபோது, வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மேலே பச்சை, உள்ளே சாம்பல், கழுத்தருகே தெரிந்தது. வெளியேதான் பனி, கனடாவில் வீட்டுக்குள் நம் ஊர்ச் சித்திரை மாதிரி இருக்கும் என்று போன புதிதில் சொன்னவனும் நீதான். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றாய். நான் விடாமல் கேட்ட பிறகு விஷயம் வந்தது. உன் அறையில் கூட இருக்கும் பையனுக்குச் சன்னலைத் திறந்து வைத்தால்தான் தூக்கம் வருமாம். "நல்ல பையன்மா. நான் வந்த அன்னைக்கு அவந்தான் சோறாக்கிப் போட்டான். சொன்னா சங்கடப்படுவான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். போனை வைத்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முகம் உன் அப்பாவுடையது. அந்தப் பேச்சு மட்டும் அப்படியே உன் அப்புச்சியுடையது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெளியூரில் அறை பகிர்ந்து தங்கும் பிள்ளைகளைப் பெற்ற மற்றவர்களும் படிக்கட்டும் என்று, உறையில் போட்டு ஒட்டாமல் எழுதுகிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்.

அப்புச்சி வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பெரிய காரை உனக்குத் தெரியும். சின்னப் பையனாக இருந்தபோது அதன் பின்சீட்டில் படுத்துக் கால் இரண்டையும் நீட்டிப் பார்த்து, கதவு எட்டவில்லை என்று அழுதிருக்கிறாய். அது கொல்லிமலையிலிருந்து எப்படிக் கீழே வந்து சேர்ந்தது என்பதை உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லப் போனால் அது காரைப் பற்றிய கதையே இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இனி நான் அப்பா என்று எழுதுகிற இடமெல்லாம் உன் அப்புச்சி, அம்மா என்றால் உன் அம்மாயி. அந்த நாட்களில் அவர்களுக்கு என் இப்போதைய வயதுகூட இல்லை.

அப்பா கால்நடை ஆய்வாளர். சொந்த ஊர் திருச்செங்கோடு பக்கம் என்றாலும், தொண்ணூறுகளின் நடுவில் அவரைக் கொல்லிமலை மேலே இருக்கும் செம்மேட்டுக்கு மாற்றினார்கள். மருந்தகத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு குடியிருப்பு. மழைக் காலத்தில் துவைத்த துணி காயாது. அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி என் பள்ளிச் சீருடையைக் காயவைப்பாள், நான் புகை வாசனையோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பிள்ளை நான். பலகாரம் கட்டி வந்த காகிதத்தைக்கூட நிமிர்த்திப் படித்துவிட்டுத்தான் போடுவேன். தொண்ணூற்றேழில் ஒருநாள், மலையிலேயே இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டிலிருந்து ஆள் வந்தது. காப்பியும் மிளகும் வைத்திருந்த வெள்ளையக் கவுண்டர் என்பவரின் மாடு, கன்று போட்டபின் எழுந்திருக்கவில்லை. அப்பா போய் ஊசி போட்டார். மாடு எழுந்து நிற்கும்வரை காத்திருந்தபோது, கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கோழி நிதானமாகச் சன்னல் வழியாக இறங்கி வந்ததாம். சுவரில் இருந்த சன்னல் இல்லை. ஒரு காரின் சன்னல்.

அமெரிக்காவில் செய்த கார், ஐம்பத்திரண்டாம் வருட மாடல். ஆரஞ்சுத் தோட்டம் போட வந்த ஒருவர் மேலே கொண்டுவந்ததாம். தோட்டம் நொடித்ததும் அதையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். பின்சீட்டில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. அப்பா சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்த வெள்ளையக் கவுண்டர், "எடுத்துக்கிட்டுப் போயிருங்க சார். எனக்கு மிளகு மூட்டை போட எடம் வேணும். கோழிக்கு மட்டும் வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு அப்பா செம்மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் கூடவே ஓடிவந்தோம். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, மாட்டுக்கு வைத்தியம் பாக்கப் போனீங்க. இதுக்கு எங்க ஊசி போடுவீங்க?" என்று கேட்டாள்.

பேளுக்குறிச்சியில் லாரிப் பட்டறை வைத்திருந்த மாணிக்கண்ணன்தான் மெக்கானிக். சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் அழைத்தால் பஸ் ஏறி மேலே வருவார். வாய் பெரிய மனிதர். "லாரியாவது காராவது, நாலு வீலு உருண்டாப் போவுது. அமெரிக்காக்காரன் மட்டும் அஞ்சு வீலா வெச்சிருக்கான்?" என்பார். எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்து எங்கள் சமையலறை வரைக்கும் பரப்பினார். பிரித்ததை மறுபடி சேர்க்க அவரிடம் எந்த வழிகாட்டியும் இல்லை. அந்தச் சமயத்தில் சேலத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில், என் பாடப் புத்தகம் தேடப் போன இடத்தில், பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய ஒரு பத்திரிகை கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் அந்த மாடல் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றின் முகவரி இருந்தது. அப்பா சொல்லச் சொல்ல, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். கோழிகளைப் பற்றியும் எழுதினேன். அது அவர் சொல்லாதது, நானாகச் சேர்த்தது.

பதில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தது. அமெரிக்காவில் ஒஹையோ என்ற மாநிலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வால்டர் என்பவர் எழுதியிருந்தார். அவரிடமும் அதே மாடல் ஒன்று இருந்தது. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எங்கள் கடிதத்தை வாசித்ததாகவும், எல்லோருக்கும் முதலில் தெரிய வேண்டியது கோழிகள் என்ன ஆயின என்பதுதான் என்றும் எழுதியிருந்தார். எஞ்சின் படங்களைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதமாவது போனது, வந்தது. கார் பாதி, மற்றது பாதி. அவர் மனைவியின் முழங்கால் வலி, தக்காளிச் செடியைத் தின்னும் முயல், எங்கள் மலையின் மழை, கோமாரி வந்த மாடுகள். சிறுவனாக இருந்தபோது மாடு கறந்தவராம் வால்டர். அப்பா எழுதும் மாட்டு விஷயங்களைக் காரை விட ஆர்வமாகக் கேட்பார். அப்பாவை 'டாக்டர்' என்றே அழைத்தார். அப்பாவுக்கு அது உறுத்தியது. "நான் டாக்டர் இல்லீங்க, ஆய்வாளர்தான்னு தெளிவா எழுது கண்ணு" என்று எழுதவைத்தார். வால்டர் அடுத்த கடிதத்தில், "சரி டாக்டர்" என்று ஆரம்பித்தார்.

சங்கத்தில் இருந்த மற்றவர்களும் மெல்ல எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் கதவின் ரப்பர்ப் பட்டையைச் சுருட்டி அனுப்பினார். நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த மார்கரெட் என்ற அம்மா, பனியில் நிற்கும் ஆடுகளின் படத்தை அனுப்பி, ஆடுகளுக்கு வரும் குளம்பு நோய்க்கு உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்பா இரண்டு மாலை யோசித்து அதற்குப் பதில் சொன்னார். மருந்தகத்துச் சுவரில் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் இவர்கள் அனுப்பிய அட்டைகள் ஏறின. மாடு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், "யாருங்க சார் இவங்க, சொந்தக்காரங்களா?" என்று கேட்பார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க" என்பார்.

இப்படி இரண்டு மூன்று வருடத்தில் கார் ஏறக்குறைய உயிர்பெற்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது. மிச்சமிருந்தது ஸ்டியரிங் ஒன்றுதான். ஸ்டியரிங் கம்பியின் அடியில், சக்கரங்களைத் திருப்புகிற பல்சக்கரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதைத்தான் ஸ்டியரிங் பாக்ஸ் என்பார்கள். எங்கள் காரில் அது விரிசல் விட்டு, உள்ளே எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அரைச் சுற்று சுற்றினால்தான் சக்கரம் அசையவே ஆரம்பிக்கும். சம தரையில் அப்படி ஓட்டலாம். கொல்லிமலைச் சாலையில் எழுபது வளைவு. ஒன்றை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும். வால்டருக்கு எழுதினோம். பழைய வண்டிகள் உடைக்கிற இடத்தில் தேடி நல்ல பாக்ஸ் ஒன்றை எடுத்திருப்பதாகவும், கப்பலில் அனுப்புவதாகவும் எழுதினார்.

அது கடலில் வந்துகொண்டிருந்தபோதே, இரண்டாயிரமாவது வருடம் ஏப்ரலில், அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மலைக்குக் கீழே, ஊத்தங்கரைக்கு. மே மாதம் முடிவதற்குள் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும். லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். அவ்வளவு நீளம் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றால் வளைவில் பாறையில் இடிக்கும் என்று லாரிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அடுத்து வருகிற ஆய்வாளருக்கு அந்த இடம் வேண்டும். கார் தானாக ஓடி இறங்கினால் உண்டு. இல்லையென்றால், நறுக்கி எடுத்துக்கொள்ளத் தயாராகப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் பேளுக்குறிச்சியில் காத்திருந்தார். வாரம் ஒருமுறை வந்து காரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அப்பா அவர் இருக்கும்வரை வெளியே வரமாட்டார்.

மே மாதம் பஸ் கூரையில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. ஆணியைப் பிடுங்கித் திறந்தால், எண்ணெய்த் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி வைக்கோல் மெத்தையில் படுத்திருந்தது ஸ்டியரிங் பாக்ஸ். தேய்த்துக் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, 'மலையிறங்கும் டாக்டருக்கு' என்று வெள்ளையில் சின்னதாக எழுதியிருந்தார் வால்டர். மாணிக்கண்ணன் அன்றைக்கே வந்துவிட்டார். பொருத்திப் பார்த்தார், உட்காரவில்லை. "சட்டம் எதுத்த பக்கமா இருக்குது. தலைகீழாத் திருப்பிப் போட்டா உக்காந்துரும்" என்றார். திருப்பிப் போட்டார், உட்கார்ந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் எல்லோருக்கும் அவசரம். ஸ்டியரிங் இலேசாகத் திரும்புகிறதா என்றுதான் பார்த்தோம். சக்கரம் எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது?

மருந்தகத்துக்கு எதிரே சந்தைக்குப் போகிற பலாப்பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். அப்பா காரை மெதுவாக எடுத்தார். குவியலைத் தவிர்க்க வலது பக்கம் திருப்பினார். கார் இடது பக்கம் போனது. இன்னும் வேகமாக வலது பக்கம் திருப்பினார். இன்னும் வேகமாக இடது பக்கம் போனது. "வலதுங்க சார், வலது!" என்று மாணிக்கண்ணன் கத்திக்கொண்டே ஓடினார். "வலதுலதான்யா திருப்பறேன்!" என்று அப்பா உள்ளேயிருந்து கத்தினார். கார் பலாப்பழக் குவியலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. செம்மேடு முழுக்க அன்று பலாப்பழ வாசனை. பழத்துக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சொல்லியிருந்தா நானே உரிச்சுக் குடுத்திருப்பனேங்க சார்" என்றார்.

நான் உள்ளே ஓடி, வால்டர் முன்பு அனுப்பியிருந்த அவர் காரின் படத்தை எடுத்து வந்தேன். அதில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும் என்றும் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் படித்தது ஒரு பக்கம் இருந்தது, எங்கள் வாசலில் நின்ற கார் ஒரு பக்கம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுடையது அந்தக் காலத்திலேயே நம் நாட்டுக்கென்று வலது பக்கம் ஸ்டியரிங் வைத்துச் செய்தது. எத்தனை கடிதம், எத்தனை பக்கம்! கோழி, முயல், முழங்கால் எல்லாம் எழுதினோம். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஸ்டியரிங் இருக்கிற பக்கம் என்று அவரவருக்கு ஒரே பக்கம்தான் தெரியும். படத்தைப் பார்த்த மாணிக்கண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, "இத இப்பக் கொண்டாந்து காட்டறயே பாப்பா!" என்றார்.

அப்பா விடவில்லை. பழைய பாக்ஸைத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை, புதியதையே பழகிக்கொள்ளலாம் என்றார். "கண்ணாடி பாத்துச் சவரம் பண்றேன். அதுலயும் எல்லாம் எதுத்தாப்லதான் தெரியுது. மூக்கையா அறுத்துக்கறேன்?" என்றார். தினமும் சாயங்காலம் காலி மைதானத்தில் வலது பக்கம் போக இடது பக்கம் திருப்பிப் பழகினார். உண்மையைச் சொல்ல வேண்டும், ஓரளவு பழகியும் விட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "மெதுவாப் போனா எறங்கிரலாம்" என்று கிளம்பினார். மாணிக்கண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா அடுப்படிக்குப் போனாள். தூக்குப்போசியில் புளிச்சோறு கட்டினாள். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குப் புள்ள ஏறற?"

"நீங்க பழகிட்டேன்னு சொன்னீங்கல்லங்க. எனக்கு நம்பிக்கை இருக்குது. எடுங்க, போலாம்."

"பஸ்ல வாங்க ரெண்டு பேரும். நான் முன்னால போறேன்."

"கார் இருக்கையில பஸ் எதுக்குங்க? எடுங்க."

அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பின்கழுத்து வேர்த்திருந்ததை நான் பார்த்தேன். கையை ஸ்டியரிங்கில் வைத்தார், எடுத்தார், வைத்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, "எறங்குங்க" என்றார். "மொதல்ல நீங்க எறங்குங்க" என்றாள் அம்மா. அவர் இறங்கிய பிறகுதான் எங்களை இறங்கவிட்டாள். புளிச்சோற்றை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அன்று சாயங்காலம் வால்டருக்குக் கடிதம் எழுத அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் பேனாவைத் திறந்தேன். "பாக்ஸ் வந்து சேர்ந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. மிக்க நன்றின்னு எழுது கண்ணு" என்றார். நான் எழுதவில்லை.

"பொருந்தலையே அப்பா."

"தெரியும். அந்த மனுசன் வயசான காலத்துல பழைய இரும்புக்குள்ள பூந்து தேடி, தேச்சுக் கழுவி, பெயிண்ட் அடிச்சு, பேரெழுதி அனுப்பியிருக்காரு. அதப் போயி தப்புன்னு எந்தக் கையில எழுதறது? மனசு நொந்துபோவாரு. நீ எழுது."

உள்ளேயிருந்து அம்மா, "மலை எறங்கிட்டீங்களான்னு அவரு திருப்பிக் கேட்டா?" என்றாள்.

"எறங்கிட்டோம்னு எழுதிக்கலாம்."

"போட்டோ கேட்டா?"

"மழை, எடுக்க முடியலைன்னு எழுதிக்கலாம்."

"அப்பறம் பிரேக்குக்கு ஏதாச்சும் வேணுமான்னு கேப்பாரு. வேணும்பீங்க. இல்லாத சவாரிக்கு அவரு பிரேக்கு அனுப்போணும். ஏனுங்க, ஆயுசுக்கும் அந்த மனுசனுக்கு நீங்க ஒரு பொய்க் காரத்தான் ஓட்டிக் காட்டோணும்."

அப்பா எழுந்து போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இந்த இடத்தில் அவரை நீ லேசாக எடைபோடக் கூடாது கண்ணு. தனக்குக் கொடுத்த பட்டம் கொஞ்சம் பெரிதென்றாலே பொறுக்காமல் திருத்தச் சொன்னவர் அவர். தன்னைப் பற்றி உள்ளதைச் சொல்ல அவருக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் கொடுத்தவர் முகம் சுருங்கும் என்றால் வாய் வராது. விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற வம்சம் நாம். அது கெட்ட குணமில்லை, நான் அப்படி நினைக்கவும் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அது அழகான குணம். வருடக்கணக்காகக் கூட இருக்கப்போகிறவர்களிடம் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

கடைசியில் அவர் கேட்டார்: "அந்தப் பலாப்பழ விஷயத்த எழுதினா அவருக்குப் புரியுமா?" பலாப்பழம் எப்படி இருக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். எவ்வளவு பெரியது, எப்படி மணக்கும், பிசின் கையில் ஒட்டினால் என்ன செய்ய வேண்டும். பிறகு குவியல், பிறகு வலது, பிறகு இடது. "வலதுலதான்யா திருப்பறேன்" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நான் திணறியபோது அப்பாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. உள்ளே அம்மாவும் சிரிப்பது கேட்டது. கடைசி வரியாக, "பாக்ஸ் மிக நல்ல பாக்ஸ். கார்தான் எதிர்ப்பக்கத்து நாட்டில் இருக்கிறது" என்று எழுதினோம்.

பதில் வருவதற்குள் நாங்கள் சாமான்களோடு ஊத்தங்கரைக்குப் போய்விட்டோம். கார் மறுபடி டிராக்டரில் கட்டி இழுபட்டு, வெள்ளையக் கவுண்டரின் கொட்டகைக்கே போனது. தை மாதம் மிளகு எடுக்கும்வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இடமில்லை என்று அவர் சொன்னார். இரும்பு வியாபாரி அவரிடமும் சொல்லி வைத்துவிட்டார். கிளம்பும்போது அம்மா, "கோழிய மட்டும் ஏத்திராதீங்க" என்றாள். "நான் ஏத்தமாட்டனுங்க. அதுங்களா ஏறுனா நான் என்ன பண்றது?" என்றார் கவுண்டர்.

ஊத்தங்கரை முகவரிக்கு வந்த வால்டரின் கடிதத்தை நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். நாங்கள் முதல் வருடமே அனுப்பிய காரின் படத்தில் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதை அவர் பார்த்தாராம். இந்தியாவில் ஏதோ ஒரு ஸ்டுடியோக்காரர் படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டார் என்று முடிவு கட்டியிருக்கிறார். சங்கத்துக் கூட்டத்தில் ஒருவர் கண்ணாடி கொண்டுவந்து, படத்தை அதற்கெதிரே பிடித்து, 'சரியாக' எல்லோருக்கும் காட்டினாராம். ஸ்டுடியோக்காரர் மனசு நோகும், டாக்டருக்கும் சங்கடம் என்று எங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டார்களாம்! அப்பா அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அந்தப் பக்கமும் நம்மைப் போல ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்குக் கீழே வால்டர் எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "பொருந்தியது என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், டாக்டர். நீங்கள் மலையிறங்குவதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருப்பேன். இல்லாத ஒன்றை நினைத்து." மார்கரெட்டுக்கு அன்றே எழுதிவிட்டதாகவும், நியூசிலாந்தில் ஸ்டியரிங் இந்தியாவைப் போல வலது பக்கம்தான் என்றும் முடித்திருந்தார்.

மார்கரெட்டின் பண்ணையில் அதே மாடல் ஒன்று புல்லுக்குள் புதைந்து கிடந்ததாம். அதிலிருந்து கழற்றிய பாக்ஸ் மார்கழியில் வந்தது. எண்ணெய்த் துணியெல்லாம் இல்லை. ஆட்டு உரோமத்தில் சுற்றியிருந்தார். பொங்கல் விடுமுறையில் நாங்கள் எல்லோரும் மலையேறினோம். கொட்டகையில் மிளகு மூட்டைகள் ஏற்கெனவே வாசல் வரை வந்திருந்தன. இந்த முறை மாணிக்கண்ணன் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, என்னை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி, "வலதுக்குத் திருப்பு பாப்பா" என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். வலது பக்கம் திரும்பியது. "இன்னொருக்காத் திருப்பு" என்றார். அப்பா, அம்மா, வெள்ளையக் கவுண்டர் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வலது பக்கம்தான் திரும்பியது.

மறுநாள் காலை இறங்கினோம். அப்பா ஓட்ட, பக்கத்தில் மாணிக்கண்ணன், கையில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை. பின்னால் அம்மாவும் நானும். ஒவ்வொரு வளைவிலும் மாணிக்கண்ணன் கதவைப் பாதி திறந்து குதிக்கத் தயாராக இருந்தார். கார் அவ்வளவு நீளம் என்பதால் சில வளைவுகளில் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. எதிரே வந்த பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எங்களை முதலில் போகச் சொல்லிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். பாதி மலையில் அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: "உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டறேன். இவ தூங்கறா பாரு!" அம்மா வாயைத் திறந்துகொண்டு, என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாணிக்கண்ணன் திரும்பிப் பார்த்தார். கதவை இழுத்துச் சாத்தினார், கட்டையைக் காலடியில் போட்டார். "அதுக்கு மேல என்ன சார் சர்ட்டிபிகேட் வேணும்" என்றார்.

வால்டரை அப்பா கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. ஆனால் அவர் இருந்தவரை கடிதம் நிற்கவில்லை. அந்தப் பலாப்பழத்துக்குப் பிறகு இரண்டு பேரும் எழுதிக்கொண்ட விதமே மாறிவிட்டது என்பதை, நடுவில் உட்கார்ந்து எழுதிய எனக்குத்தான் தெரியும். தூக்கம் வராத இரவுகளைப் பற்றி வால்டர் எழுதினார். என்னை மேலே படிக்கவைக்கலாமா, கல்யாணம் செய்துவிடலாமா என்று குழம்பியதை அப்பா எழுதச் சொன்னார். அதை ஆங்கிலத்தில் எழுதியதும் நான்தான். படிக்கவையுங்கள் டாக்டர் என்று பதில் வந்தது. படித்தேன்.

அதனால் உன் அறைத் தோழனிடம் சொல், கண்ணு. வந்த அன்று சோறாக்கிப் போட்டவனிடம்தான் சொல்ல முடியும். மற்றவர்களிடம் என்ன இருக்கிறது சொல்ல? கோபம் வருகிற வரைக்கும் காத்திருக்காதே. எங்கள் ஊரில் சன்னலை எதற்கு மூடுவோம், எதற்குத் திறப்போம் என்று அங்கிருந்து ஆரம்பி. உனக்குக் குளிர்கிறது என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாமல் இருக்கலாம். அவன் ஊரில் அடைத்த அறையில் தூங்கினால் மூச்சு முட்டும் என்று உனக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவேளை அவனும் உன்னிடம் எதையாவது சொல்லாமல் வைத்திருப்பான். நீ தாளிக்கிற வாசனையாகக்கூட இருக்கலாம். கேள்.

உனக்கு இவ்வளவு சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் நியாயமில்லை. முதல் சம்பளத்தில் நீ எனக்கு அனுப்பிய நடைச் செருப்பு போன வாரம் வந்தபோது, கச்சிதமாக இருக்கிறது என்று சொன்னேன். இல்லை கண்ணு. கட்டைவிரல் முட்டுகிறது. தெருமுனை வரைக்கும் போட்டுப் போய்விட்டு, வரும்போது கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். நிறம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே நிறத்தில் ஒரு அளவு பெரியது கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

அம்மா